ஆத்தா குடுத்த செவப்பு

அது ஒண்ணுமில்லீங்க டீச்சரு, எங்கூட்டுக்காரரு நூல் கலரச் சொல்றாருங்க. தறிக்காரரு வேறென்னத்தச் சொல்லப் போறாரு? முப்பது வருசம் விசைத்தறி ஓட்டுனவரு. செவப்பு நூலு, மஞ்ச நூலுன்னு அதுதான மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்? நீங்க அதப் போயி நோட்டுல எழுதி, அடியில ரெண்டு கோடு வேற போட்டு வெச்சிருக்கறீங்க.

என்னங்க சிரிக்கறீங்க? நம்பலியா?

அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க. அடுப்படியிலயே பேசிக்கலாம். அவுரு இப்பத்தான் கண்ணசந்தாரு. இன்னிக்கு மாசாந்தரக் கரண்டு நிறுத்தம், ஊரே சத்தமில்லாமக் கெடக்குது பாருங்க. மத்த நாளா இருந்தா பக்கத்தூட்டுத் தறியும் எதுத்தூட்டுத் தறியும் போடற போட்டுல நீங்க பேசறது எனக்கு விழாது, நான் பேசறது உங்களுக்கு விழாது. இருங்க, கதவச் சாத்திக்கிறேன். வாய்தான் போச்சு, வலது கையுங் காலும் போச்சு. காது நல்லாத்தான் இருக்குதுங்க அவருக்கு.

சுக்குக் காப்பி குடிப்பீங்களா? கருப்பட்டி போட்டது. குடிங்க, தொண்டைக்கு நல்லது. நாள்பூரா 'ஆ', 'ஈ'ன்னு சொல்லிக் குடுக்கற தொண்டை.

எம்பொண்ணு கிருத்திகா ஓசூருல இருந்துக்கிட்டே உங்கள ஏற்பாடு பண்ணிப்போட்டு, 'அம்மா, பேச்சுப் பயிற்சிக்கு ஒருத்தர் வருவாங்க'ன்னா. அதுக்கு இங்கிலீசுல என்னமோ பேரு சொன்னா, எனக்கு அது வாய்ல நிக்கல. எனக்கு நீங்க டீச்சருதான். நீங்க வந்த மொத நாளு, அவுரு எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டு, 'ஐயா, என் வாயப் பாருங்க, ஆ சொல்லுங்க'ன்னீங்க. நான் இதே அடுப்படியில நின்னுக்கிட்டு முந்தானைய வாயில வெச்சு அழுதேன். அவருக்காக அழுதேன்னு நெனச்சு நீங்க கூட வந்து முதுகத் தடவிக் குடுத்தீங்க. அவருக்காக இல்லீங்க. அது எனக்காக அழுதது.

சரி, கேட்டுப்போட்டீங்க. 'அவுரு மனசுல ஒரு சேதி இருக்குதும்மா, ரெண்டு, செவ, ரெண்டு, செவன்னு அங்கியே நின்னுக்கிட்டுத் தவிக்கறாரு, அது என்ன வாக்கியம்னு தெரிஞ்சா முழுசாச் சொல்லப் பழக்கீறலாம்'னு சொல்றீங்க. உங்க தொழிலுக்கு நீங்க கேக்கறது ஞாயந்தான். நான் சொல்றேன். பெத்த பொண்ணுகிட்டக் கூடச் சொன்னதில்லீங்க இத. நீங்க வெளியூரு, இன்னும் ரெண்டு மாசம் வருவீங்க, அப்பறம் உங்க சோலியப் பாத்துப் போயிருவீங்க. அதனாலதான் சொல்றேன்.

இருவத்திரண்டு வருசம் ஆச்சுங்க. கிருத்திகாவுக்கு அப்ப மூணு வயசு. எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்துச்சு. என்னங்க அப்பிடிப் பாக்கறீங்க, நான் டீச்சர் ட்ரெயினிங் முடிச்சவ. தறியில நூல் இழுத்து இழுத்துக் கை இப்பிடி ஆயிருச்சு, அதுக்கு முன்னாடி எங்கையெழுத்தப் பாத்திருக்கோணும் நீங்க, அச்சடிச்ச மாதிரி இருக்கும். எம்ப்ளாய்மென்ட் ஆபீசுல பதிஞ்சு வெச்சு ஏழு வருசம் காத்துக் கெடந்தேன். ரிஜிஸ்டர் தபால்ல வந்துச்சு. கூடலூருக்கும் அக்கட்ட ஒரு மலையூரு, ஊராட்சிப் பள்ளிக்கொடம், ஒண்ணாப்பு ரெண்டாப்புக்கு டீச்சரு. பதினஞ்சு நாளுக்குள்ள போயிச் சேரோணும். கவரைப் பிரிச்சுப் படிச்சவ, ஓடற தறிய அப்பிடியே உட்டுப்போட்டு வாசல்ல போயி நின்னேன். நூலறுந்து ஒரு சேலை பாழாப் போச்சு. எங்க மாமியா உள்ளேயிருந்து கத்துனாங்களாம், எனக்கு ஒண்ணுமே கேக்கல. சந்தோசத்துல காது அடைக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்தச் சந்தோசம் மத்தியானச் சோத்து வரைக்கும் இருந்துச்சு. 'பொட்டப்புள்ளையத் தூக்கிக்கிட்டு மலை மேல போயி தனிக்குடித்தனம் பண்ணுவாளாமா? தறிய ஆரு பாக்கறது? எம்பையனுக்கு ஆரு சோறாக்கறது?'ன்னு மாமியா ஆரம்பிச்சாங்க. அடுத்த நாள் ஒரம்பரை சனமெல்லாம் வந்து உக்காந்துக்கிச்சு. சொந்தக்காரங்களுக்கு அன்னிக்கு எல்லாம் வேலை வெட்டியே இல்ல போலிருக்குது. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அவுரு மட்டும் ஒண்ணுஞ் சொல்லல. ஆமான்னும் இல்ல, இல்லைன்னும் இல்ல. அவுரு கெட்டவரு இல்லீங்க டீச்சரு, அதச் சொல்லிப்போடறேன். ஒருநாளும் கைநீட்டுனதில்ல, ஒரு கெட்ட பழக்கங் கெடையாது. அம்மாவ எதுத்து ஒரு சொல்லு சொல்ல மாட்டாரு, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்'ல எம்பொழப்பு போச்சு.

ஒம்பது நாள் அப்பிடியே ஓடிப்போச்சு. பத்தா நாளு மாமியா சொன்னாங்க, 'நம்ம எதுக்குச் சண்டை போட்டுக்கிட்டு? செல்லாண்டியாத்தாகிட்டப் பூவாக்குக் கேட்டரலாம். அவ என்ன சொல்றாளோ அதுதான்.'

நீங்க மெட்ராசுப் பக்கம், உங்களுக்குத் தெரியாது. ரெண்டு பொட்டலம் கட்டோணுங்க. ஒண்ணுல வெள்ளையரளி, ஒண்ணுல செவப்பரளி. வாழையெலைத் துண்டுல மடிச்சு, உள்ள இருக்கறது தெரியாம நூல்போட்டுக் கட்டி, ஆத்தா காலடியில வெச்சு, மனசுல கேக்க வேண்டியதக் கேட்டுப்போட்டு, சம்பந்தமில்லாத ஒரு ஆளைக் கூப்புட்டு ஒண்ண எடுக்கச் சொல்றது. எங்கூட்டு வழக்கம் வெள்ளை வந்தா ஆகட்டும், செவப்பு வந்தா வேண்டாம். கல்யாணங் காச்சிக்கு, கெணறு வெட்டறதுக்கு, எல்லாத்துக்கும் இங்க பூவாக்குதான். ஆத்தா வாக்குக்கு மேல அப்பீலு கெடையாது.

அன்னிக்குத்தான் அவுரு வாயத் தொறந்தாரு. 'ஆத்தா வெள்ளை குடுத்தான்னா நானே கொண்டுபோயி உன்னைய பஸ் ஏத்தி உடறேன் சாந்தாமணி. செவப்பு குடுத்தான்னா இந்தப் பேச்சையே இனி இந்த ஊட்டுல எடுக்கப்படாது. சரியா?'ன்னாரு. சரின்னேன்.

எப்பிடிச் சரின்னேன்னு கேளுங்க. எனக்குத்தான் சாமி நம்பிக்கையே இல்லையே! நான் ட்ரெயினிங் படிக்கறப்ப எங்கம்மா வயித்துக் கட்டியில கெடந்தாங்க. எட்டுக் கோயிலுக்கு வேண்டிக்கிட்டேன் நானு. மண்சோறு சாப்புட்டேன், நம்பறீங்களா? இந்த வாயால மண்ணுல போட்டுச் சாப்புட்டேன். அம்மா போயிட்டாங்க. அன்னியோட உட்டுப்போட்டேன். கோவத்துல உட்டதுதான், படிச்சுப் புரிஞ்செல்லாம் உடல. மாமியாளுக்காக வெளக்கேத்துவேன், விபூதி வெச்சுக்குவேன், உள்ளுக்குள்ள ஒண்ணும் இருக்காது. அவருதான் பக்திமான். ஆத்தாகிட்ட வரங் கேட்டுப் பொறந்த புள்ளைன்னு சொல்லிச் சொல்லி வளத்திருக்காங்க. வெள்ளிக்கெழமை பச்சைத் தண்ணி பல்லுல படாது. தறிய ஓட்டறதுக்கு முன்னாடி ஆத்தா படத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் சுச்சே போடுவாரு. வருசம் தப்பாமப் பழனிக்கு நடப்பாரு.

பொட்டலங் கட்டற வேலைய எங்கிட்டக் குடுத்துப்போட்டாங்க. கேக்கறவங்க கையாலதான் கட்டோணும், அதுதான் மொறை. வெடியால தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, ஈரத்துணியோட குளிக்கற ரூம்புலயே நின்னு கட்டுனேன். ஒண்ணுல வெள்ளை வெச்சேன். அடுத்த எலைய விரிச்சேன், செவப்பக் கையில எடுத்தேன். அந்த மலையூரு எப்பிடி இருக்கும்னு யோசிச்சேன். அப்பறம் செவப்பக் கசக்கித் தண்ணி போற ஓட்டையில உட்டுப்போட்டு, அதுலயும் வெள்ளையவே வெச்சுக் கட்டிப்போட்டேன்.

ஆமாங்க. ரெண்டும் வெள்ளை. கண்ண ஏன் அப்பிடி உருட்டறீங்க? திருட்டுத்தனந்தான், இல்லைங்கல. ஆனா சாமி இருக்குதுன்னு நம்பறவதான சாமிய ஏமாத்தப் பயப்படோணும்? எனக்கு என்ன பயம்? கல்லுக்கு முன்னாடி எலைய வெக்கறோம், எலையப் பிரிக்கறோம். வெள்ளை வரும், மாமியா வாயடைச்சுப் போவாங்க, அவுரு பஸ் ஏத்தி உடுவாரு. கிருத்திகாவுக்கு ஸ்வெட்டர் எங்க வாங்கறதுங்கற வரைக்கும் யோசிச்சு வெச்சிருந்தேன்.

மாமியாளுக்கு மொழங்கால் வலி, வரல. நாங்க ரெண்டு பேரும் மொபெட்டுல போனோம். பொட்டலம், தேங்கா, பழம் எல்லாம் வட்டல்ல வெச்சு, மஞ்சப் பைக்குள்ள போட்டு முன்னாடி மாட்டியிருந்துச்சு. கோயிலு ஆத்தோரத்துல. பூக்கடைகிட்ட வண்டிய நிறுத்திப்போட்டு, 'நீ போயி ஆத்துல காலக் கழுவீட்டு வா, நான் கற்பூரம் வாங்கீட்டு வாரேன்'னாரு. போனேன். படியில உக்காந்து காலக் கழுவிக்கிட்டு, தண்ணியப் பாத்துக்கிட்டு, மனசுக்குள்ள பாட்டுக் கூடப் பாடிக்கிட்டேன். வெகு நேரங் கழிச்சு வாராரு. மூஞ்சியெல்லாம் வேர்வை. வெடியால ஏழு மணிக்குத் தண்ணிக் காத்துல வேர்க்குது மனுசனுக்கு! கேட்டா கற்பூரத்தையும் வாங்காம வந்திருக்காரு. கடைசியில பூசாரிகிட்டத்தான் வாங்கிப் பத்த வெச்சோம். ஆத்தா சந்நிதின்னா அப்பிடித்தானுங்க, பக்தி இருக்கறவங்களுக்குக் கையுங்காலும் பதறிப்போயிரும்.

பூசாரி வட்டல வாங்கி ஆத்தா காலடியில வெச்சாரு. நான் கும்புடற மாதிரி கண்ண மூடிக்கிட்டேன். தண்ணிக்கொடம் எடுத்துக்கிட்டு வந்த ஒரு அம்மாளக் கூப்புட்டு, 'ஒண்ண எடும்மா'ன்னாங்க. அந்தம்மா வலது பக்கம் இருந்தத எடுத்துக் குடுத்துச்சு. பூசாரி பிரிச்சாரு.

செவப்புங்க.

டீச்சரு, நான் கட்டுன பொட்டலம். எங்கையால, ஈரத்துணியோட, ரெண்டுலயும் வெள்ளை வெச்சுக் கட்டுன பொட்டலம். செவப்பு வந்துருச்சு. அதுமட்டுமா, இன்னொண்ணு கேளுங்க. நான் தறி நூல்ல கட்டுனேன், வெள்ளைப் பருத்தி நூலு, மூணு சுத்து. பூசாரி பிரிக்கறப்பப் பாக்கறேன், வாழநாரு! நூலையே மாத்திப்போட்டாளுங்க ஆத்தா! 'பூவ மட்டும் மாத்துனா நீ ஏதாச்சும் சாக்குச் சொல்லுவீடி, கட்டுனதையுஞ் சேத்து மாத்தறேன் பாத்துக்கோ'ன்னு எனக்குப் புரியற மாதிரிக் காட்டிப்போட்டா. அப்பிடியே தரையில விழுந்தேன். எந்திரிக்கவே இல்ல. வேலை போச்சேன்னு அழுவறான்னு நெனச்சிருப்பாங்க எல்லாரும். நான் பயத்துல அழுதேங்க. இல்லைன்னு நெனச்சு ஒருத்தி மடியில கைய உட்டு, அவ அந்தக் கையப் புடிச்சுப்போட்டா எப்பிடி இருக்கும்?

இன்னொரு பொட்டலமா? அதப் பிரிக்கற பழக்கமில்லீங்க. அவுரு வெடுக்குன்னு எடுத்து ஆத்துல வீசிப்போட்டாரு. எனக்கும் அது நல்லதாப் போச்சு. அதுல என்ன இருந்துச்சோ அவளுக்குத்தான் வெளிச்சம்.

வேலைக்குப் போகல. பதினஞ்சா நாளு ஆர்டர மடிச்சுச் சாமி படத்துக்குப் பின்னால சொருகிப்போட்டுத் தறிக்குப் போயிட்டேன். அன்னியிலிருந்து நான் கும்புடற மாதிரி இந்த ஊருல ஆரும் ஆத்தாளக் கும்புட்டிருக்க மாட்டாங்க. வெள்ளி செவ்வாய் பட்டினி. பங்குனி வந்தா தீச்சட்டி. ரெண்டாவது புள்ளை அஞ்சாம் மாசத்துல கலைஞ்சு போச்சு, எனக்குத் தெரியும் எதுக்குன்னு. கெணத்துல தண்ணி வத்துனாலும், கிருத்திகாவுக்கு அம்மை போட்டாலும், எனக்குத் தெரியும் எதுக்குன்னு. இருவத்திரண்டு வருசத்துல அவகிட்ட ஒண்ணே ஒண்ணு கூடக் கேட்டதில்லீங்க நானு. கேக்கற மூஞ்சி எனக்கில்ல. ஒருத்தரு ஆசையில கும்புடுவாங்க, ஒருத்தரு கஷ்டத்துல கும்புடுவாங்க. நான் அகப்பட்டுக்கிட்டுக் கும்புடறவ.

ஆனா இதுல வேடிக்கை என்னன்னா டீச்சரு, அதே நாளோட அவுரு உட்டுப்போட்டாரு. ஆமாங்க, சாமிய! அவ்வளவு பக்தியா இருந்த மனுசன், அந்தக் கோயில் வாசப்படிய அதுக்கப்பறம் மிதிக்கல. பழனி நடை நின்னுபோச்சு. தறி மேல இருந்த ஆத்தா படத்தக் கழட்டி எங்கிட்டக் குடுத்து, 'அக்கட்ட எங்கியாச்சும் மாட்டிக்கோ, எங்கண்ணுல படாம'ன்னாரு. மாமியா அழுதாங்க, திட்டுனாங்க. சாவற வரைக்கும் அவங்களுக்கு அதுதான் கொறை. கருப்புச் சட்டைக்காரங்க கூடச் சகவாசம்னு ஊருக்குள்ள பேசிக்கிட்டாங்க. ஒரு சகவாசமும் இல்லீங்க, இவரு தறிய உட்டு டீக்கடைக்குக் கூடப் போனதில்ல.

எனக்குப் பொறுக்கல. ஒருநாள் சோறு போட்டுக்கிட்டே கேட்டேன், 'ஏனுங்க, ஆத்தா கண்ணெதுக்க வாக்குச் சொன்னாளே, அதப் பாத்துமா இல்லைங்கறீங்க?'ன்னு. 'சாமியாவது பூதமாவது. நெசமா ஒண்ணு இருந்திருந்தா அன்னிக்கே எனக்குக் கண்ணு போயிருக்கும்'னாரு. 'உங்களுக்கு எதுக்குங்க கண்ணு போகோணும், நீங்க என்ன தப்புப் பண்ணீங்க?'ன்னேன். பாதிச் சோத்துல கையக் கழுவிப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. தப்புப் பண்ணவ நானிருக்கறேன், சோறு எறங்காதது அவருக்கு!

இன்னொரு நாளு, 'இல்லைன்னு இவ்வளவு அடிச்சுச் சொல்றீங்களே, தெரியுமா உங்களுக்கு?'ன்னு கேட்டேன். அறுந்த நூல எடுத்து முடிச்சுப் போட்டாரு. அப்பறம், 'தெரியாது சாந்தா. இல்லாம இருந்தா நல்லது'ன்னாரு. இதென்ன பேச்சுன்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். இப்பிடியே ஒரு ஊட்டுக்குள்ள நான் விழுந்து விழுந்து கும்புட, அவுரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போக, காலம் ஓடிருச்சு. அவுரு பாவத்துக்குஞ் சேத்து நாந்தான் தீச்சட்டி எடுத்தேன், சாமிய இல்லைங்கற பாவத்துக்கு.

போன ஆனியில வாதம் வந்து தறிக்குள்ளயே விழுந்துட்டாரு. ஆசுபத்திரி, அது இதுன்னு ரெண்டு மாசம். அப்பறந்தான் நீங்க வந்தீங்க, 'ஆ' வந்துச்சு, 'மா' வந்துச்சு, போன வாரம் தண்ணின்னு சொல்லிப்போட்டாரு. எனக்குச் சந்தோசந்தான். இல்லைங்கல. அப்பறம் இந்த 'ரெண்டு', 'செவ'. நல்லா இருக்கற எடது கையால என் கையப் புடிச்சுக்கிட்டு, ரெண்டு வெரலக் காட்டிக்கிட்டு, கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த. நான் என்ன நெனச்சேன்னா, ஆத்தா செவப்புக் குடுத்தத இப்ப ஒத்துக்கறாரு, சீக்கு வந்ததும் பக்தி திரும்பீருச்சுன்னு நெனச்சேன். நல்லதுதானுங்க. 'ரெண்டு' எங்க வருதுன்னுதான் எனக்குப் புடிபடல. நம்ம ரெண்டு பேருக்குந்தான் செவப்புன்னு சொல்றாரோ என்னமோ.

என்ன கேட்டீங்க?

இல்ல, சத்தமாக் கேளுங்க. காதுல விழுந்துச்சு, இருந்தாலும் கேளுங்க. பூக்கடையில வாழநாருலதான கட்டுவாங்கன்னா கேட்டீங்க?

டீச்சரு, நீங்க சின்னப்புள்ளை. எம்பொண்ணு வயசு. காப்பி குடுத்து உக்கார வெச்சா எதை வேணாலும் கேட்டுப்போடறதா? இருவத்திரண்டு வருசமா நான் என்னைய ஒரு வார்த்தை கேட்டதில்ல. அந்தக் கடையத் தாண்டித்தான் வாராவாரம் போறேன், அந்த நாரப் பாத்துக்கிட்டேதான் போறேன். நான் கேட்டதில்ல. நீங்க மூணு வாரத்துல வந்து கேக்கறீங்க!

உக்காருங்க. உக்காருங்க கண்ணு, உங்க மேல கோவமில்ல. இருங்க, டம்ளரக் கீழ வெச்சுக்கறேன்.

நான் தறிக்காரிங்க. பதினாறு தறி ஓடற சத்தத்துல எங்களுக்குக் காது எதுக்கு? அவுரு அந்தக் கடைசியில நின்னு வாயசைச்சாப் போதும், இந்தக் கடைசியில எனக்குச் சேதி வந்துரும். கோணிக்கிட்டாலும் எனக்குப் பழகுன வாயிங்க அது. நீங்க பாதிச் சொல்ல வெச்சுக்கிட்டுத் திண்டாடறீங்க. எனக்கு அவுரு ஒதடு பிரியறப்பவே தெரிஞ்சுபோயிருது. அதனாலதான் ஆரம்பிச்ச ஒடனே மூஞ்சியத் திருப்பிக்கறேன். இப்பல்லாம் சோறு ஊட்டறப்ப அவுரு வாயப் பாக்கறதில்ல, நெத்தியப் பாத்துத்தான் ஊட்டறேன். கன்னத்துலயெல்லாம் ஒழுகுது, நீங்க கூடக் கேட்டீங்களே, ஏம்மா இப்பிடி ஒழுக உடறீங்கன்னு.

ஆத்தா மாத்துனான்னா, அவளுக்கு அதுக்கு உரிமை இருக்குது. நான் அவள ஏமாத்தப் பாத்தேன், அவ எனக்குத் தண்டனை குடுத்தா, நான் அனுபவிச்சேன். கணக்குச் சரியாப் போச்சு. எம்பொழப்புக்கு ஒரு அர்த்தம் இருக்குது. அவுரு மாத்துனாருன்னா? என் பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்திருப்பாரே! ரெண்டும் வெள்ளைன்னு தெரிஞ்சுக்கிட்டு, நான் எவ்வளவு ஆசையா இருந்தேன்னு தெரிஞ்சுக்கிட்டு, ரெண்டுலயும் செவப்ப வெச்சு... வேண்டாங்க. அந்தப் பக்கமே போக வேண்டாம். நான் பட்டினி கெடந்த வெள்ளிக்கெழமையெல்லாம் பாத்துக்கிட்டேதான இருந்தாரு அந்த மனுசன்? நான் தீச்சட்டி எடுத்துக் கை கொப்புளிச்சு வந்தப்ப மருந்து போட்டுவிட்டாருங்க, இந்தக் கைக்கு. ஊதி ஊதிப் போட்டாரு.

அவருக்குத் தொடச்சு உடறதும் நாந்தான், பொரட்டிப் போடறதும் நாந்தான், மூணு வேளை வாயில சோறு வெக்கறதும் நாந்தான். இன்னும் எத்தனை வருசமோ. அந்த ஒரு வாக்கியத்தக் கேட்டுப்போட்டு இந்தக் கையால எப்பிடிங்க நான் அதையெல்லாஞ் செய்யறது? செய்யாம எங்க போறது? ஐம்பத்தி நாலு வயசுல எந்தப் பள்ளிக்கொடத்துல என்னையச் சேத்துக்குவாங்க? சொல்லிப்போட்டா அவருக்கு மனசுப் பாரம் எறங்கிரும், நிம்மதியாக் கண்ண மூடிருவாரு. நான் எங்க கொண்டுபோயி எறக்கறது?

அவுரு தவிக்கறாருன்னு சொல்றீங்க. தவிக்கட்டும். அப்பிடிச் சொல்லப்படாது, வாய் தவறி வந்துருச்சு. தவிக்கட்டுங்க.

இப்ப நான் சொல்றதக் கேளுங்க. போன வாரம் உங்ககிட்ட ஒண்ணு கேட்டிருந்தேனே, அவுரு வாயால ஒருதடவை செல்லாண்டியாத்தான்னு பேரு சொல்ல வெச்சுருங்க, அதுக்காகத்தான் இத்தனை வருசம் அழுதுக்கிட்டிருக்கறேன்னு. அதுக்காகத்தான நீங்க இன்னிக்கு 'செ' அட்டையெல்லாம் எழுதி எடுத்தாந்திருக்கறீங்க? நல்லா வண்ணம் போட்டு எழுதியிருக்கறீங்க. நானா இருந்தாலும் இப்பிடித்தான் எழுதியிருப்பேன். அது வேண்டாமுங்க. உள்ள வெச்சுருங்க. தண்ணி சொல்லட்டும், சோறு சொல்லட்டும், வலிக்குதுன்னு சொல்லட்டும், ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லட்டும். கிருத்திகா போன் பண்ணுனா 'கண்ணு'ன்னு கூப்புடட்டும். 'செ' மட்டும் அவுரு வாய்க்கு முழுசா வந்துரக் கூடாது. வந்துருச்சுன்னா பேரு சொல்ல மாட்டாரு, வேற ஒண்ணத்தான் சொல்லுவாரு.

ஆத்தா பேரையே வேண்டாங்கறியே, அவ கோச்சுக்க மாட்டாளான்னுதான பாக்கறீங்க?

கோச்சுக்கட்டும் கண்ணு. நல்லாக் கோச்சுக்கட்டும். எங்கையோ காலோ எதையோ எடுத்துக்கட்டும். கோச்சுக்கிட்டான்னா அவ இருக்கறான்னு ஆயிரும்லங்க. எனக்கு அது போதும்.